பொன் தேடிய நிலம் – 11: மேடேறும் தண்ணீர்

சென்ற வாரம் ஒரு குதிரையின் லாடம் கழன்ற இடத்தில் நிறுத்தியிருந்தோம்.

1893 ஜூன் மாதம். மேற்கு ஆஸ்திரேலியாவின் கூல்கார்டியிலிருந்து கிழக்கே தங்கம் தேடிப் புறப்பட்டவர்களில் பேடி ஹன்னன், டாம் ஃபிளனகன், டான் ஷே என்று மூன்று அயர்லாந்துக்காரர்களும் இருந்தார்கள். குதிரைக்காகத் தங்கிய இடத்தில் தரைமேலேயே தங்கம் கிடந்தது. ஜூன் 17 அன்று ஹன்னன் கூல்கார்டிக்குத் திரும்பி வந்து, நூறு அவுன்ஸுக்கு மேற்பட்ட தங்கத்தைக் காட்டி உரிமையைப் பதிவு செய்தார். சில நாள்களுக்குள் நூற்றுக்கணக்கானோர் அங்கே போய்க் கூடாரம் அடித்துவிட்டார்கள். இன்றைய கல்கூர்லி நகரம் பிறந்த கதை அது.

அவர்கள் தங்கம் கண்ட இடத்தை ஒட்டிய குன்றுக்கு மவுண்ட் சார்லட் என்று பெயர். அந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதை சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து சேரப்போகிறது.

தங்கம் கிடைத்துவிட்டது. குடிக்கத் தண்ணீர்?

* * *

விக்டோரியாவின் பல்லாரட்டில் தங்கத்தைச் சேற்றிலிருந்து அலசி எடுத்தார்கள் என்று முந்தைய பகுதிகளில் பார்த்தோம். ஓடை, தட்டு, நீர் மூன்றும் இருந்தால் அங்கே வேலை நடந்துவிடும்.

கல்கூர்லியில் ஓடை கிடையாது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைச் சேர்த்தாலும் 26 சென்டிமீட்டர்தான் தேறும். கிணறு தோண்டினால் பல இடங்களில் கடல்நீரைவிடக் கரிக்கும் உப்புநீர் வந்தது. ஆழத்தில் நன்னீர் இருக்கலாம் என்று அரசு கிரானைட் பாறையைத் துளைத்துப் பார்த்தது. பாறைக்குக் கீழே பாறைதான் இருந்தது.

ஆகவே அங்கே தங்கத்தைத் தூற்றினார்கள். களத்தில் நெல் தூற்றுவோமே, கிட்டத்தட்ட அதே முறைதான். காற்று வரும் பக்கம் பார்த்து ஒருவன் நிற்பான். கையில் ஒரு தகரத் தட்டு, காலடியில் இன்னொரு தட்டு. பொடித்த மண்ணை உயரத்திலிருந்து மெல்லச் சரிப்பான். செம்மண் தூசியாகப் பறந்துவிடும். கனமானது கீழே விழும். மறுபடி அள்ளி மறுபடி சரிப்பான். கடைசியில் தட்டில் ஒரு பிடி மிஞ்சும்போது குனிந்து வாயால் ஊதுவான். மூக்கும் நெஞ்சும் தூசியால் அடைத்துப் போன அந்த மனிதனுக்கு, மாலையில் முகம் கழுவத் தண்ணீர் கிடையாது.

குடிநீர், காய்ச்சி வடித்த நீர். ஓர் இரும்புத் தொட்டியில் உப்புநீரை நிரப்பி, அடியில் விறகை மூட்டி, எழும் ஆவியை நீண்ட தகரக் குழாய்களில் ஓடவிட்டுக் குளிரவைப்பார்கள். குழாயின் மறுமுனையில் சொட்டுச் சொட்டாக விழுவதை வாளியில் பிடித்து விற்பார்கள். இதற்காகச் சுற்றுவட்டாரத்து மரங்கள் விறகாகிக்கொண்டே போயின. விறகு வெட்டுபவர்கள் நாளுக்கு நாள் தொலைவு போக வேண்டியிருந்தது.

தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு கேலனுக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ் வரை கொடுத்திருக்கிறார்கள். ஒரு கேலன் என்பது நாலரை லிட்டர். குதிரைக்கு ஒரு நாளைக்கு எட்டு கேலனாவது வேண்டும். அந்த விலைக்குக் கணக்குப் போட்டால், ஒரு குதிரையின் ஒருநாள் தாகத்துக்கு ஒரு பவுண்டு.

குதிரையின் இடத்துக்கு ஒட்டகம் வந்தது இப்படித்தான். ஒட்டகங்களோடு அவற்றை ஓட்டுபவர்களும் வந்தார்கள். எல்லாரையும் ‘ஆப்கானியர்’ என்று ஒரே பெயரில் அழைத்தார்கள். உண்மையில் அவர்களில் பலர் பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப் பகுதிகளிலிருந்து போனவர்கள். ரயில் வரும்வரை அந்தத் தங்க வயல்களுக்கு மாவும் தேயிலையும் மண்வெட்டியும் இவர்களுடைய ஒட்டகங்களில்தான் வந்து இறங்கின. ஆனாலும் நீர்க்குழிகளுக்குப் பக்கத்தில் இவர்களை விரட்டியடித்த சம்பவங்கள் உண்டு.

* * *

ஒன்றைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை.

அந்த நிலத்தில் தண்ணீரே இல்லை என்பது வந்தேறிகளின் பேச்சு. பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே வாழ்ந்த பழங்குடி மக்களுக்கு எந்தக் கிரானைட் பாறையின் எந்தக் குழியில் மழைநீர் நிற்கும் என்று தெரியும். குழியின் வாயைக் கல்லால் மூடிவைப்பார்கள். விலங்கு இறங்காது, வெயிலும் உறிஞ்சாது. சில மரங்களின் வேரிலிருந்துகூட நீர் எடுப்பார்கள். 1860-களில் சார்லஸ் ஹண்ட் அந்த வழியாகப் பாதையும் கிணறுகளும் அமைத்தபோது, அவருக்கு நீர் இருக்கும் இடங்களைக் காட்டியவர்கள் இவர்கள்தான். முப்பது ஆண்டுகள் கழித்துத் தங்கம் தேடி வந்தவர்கள் அதே கிணறுகளைப் பிடித்துக்கொண்டுதான் கிழக்கே போனார்கள்.

ஒரு சிறு குடும்பம் வாரக்கணக்கில் குடிக்க வைத்திருந்த குழியை ஒரு குதிரைக் கூட்டம் ஒரே பொழுதில் வற்றடித்துவிடும். 1896-ல் பாலைவனத்தைக் குறுக்காகக் கடந்த டேவிட் கார்னகி, பழங்குடி மக்களைப் பிடித்துக் கட்டிவைத்து, தாகம் தாங்காமல் அவர்கள் நீர் இருக்கும் இடத்தைக் காட்டும்படி செய்தார். இதைத் தன் பயண நூலில் அவரே எழுதியிருக்கிறார். தங்க வயல்களின் தாகத்துக்கு முதலில் விலை கொடுத்தவர்கள் யார் என்று கேட்டால், இவர்கள்தான் என்பேன்.

அடுத்து வந்தது டைபாய்டு. குளிக்க நீரில்லை, கை கழுவ நீரில்லை. ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். கூல்கார்டியில் கூடாரங்களையே மருத்துவமனையாக்கினார்கள். இருபது, இருபத்தைந்து வயது இளைஞர்கள் தங்கத்தின் முகத்தைக்கூடப் பார்க்காமல் காய்ச்சலில் போனார்கள். பெயர் தெரியாமலே புதைக்கப்பட்டவர்களும் அந்த ஊர் இடுகாட்டில் இருக்கிறார்கள்.

* * *

பெர்த்தில் அப்போது பிரதமராக இருந்தவர் ஜான் ஃபாரஸ்ட். ஆஸ்திரேலியா இன்னும் ஒரே நாடாகவில்லை. மேற்கு ஆஸ்திரேலியா தனிக் காலனி. 1891-ல் அங்கே மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ 50,000. தங்கம் வந்த பிறகு அது மளமளவென்று ஏறி, 1901-ல் 1,84,000-ஐத் தாண்டியது. வந்தவர்கள் தங்க வேண்டுமானால் நீர் வேண்டும். இல்லாவிட்டால் வந்த வேகத்திலேயே திரும்பிவிடுவார்கள்.

ஃபாரஸ்டிடம் ஒரு பொறியாளர் இருந்தார். பெயர் சார்லஸ் யெல்வர்ட்டன் ஓ’கானர். அயர்லாந்தின் மீத் மாவட்டத்தில் 1843-ல் பிறந்தவர். இருபத்திரண்டு வயதில் நியூசிலாந்து போய், மலைப்பாதைகளும் துறைமுகங்களும் கட்டிக் கை தேர்ந்தவர். 1891-ல் ஃபாரஸ்ட் அவரைத் தலைமைப் பொறியாளராக அழைத்தபோது, ரயில்வேயா, துறைமுகமா, எது என் பொறுப்பு என்று தந்தியில் கேட்டாராம் ஓ’கானர். எல்லாமே உங்களுடையதுதான் என்று பதில் வந்ததாம்.

அந்தப் பதில் வெறும் பேச்சாக இல்லை. ஃபிரிமாண்டிலில் ஸ்வான் ஆற்றின் முகத்துவாரத்தைச் சுண்ணாம்புப் பாறை அடைத்துக்கொண்டிருந்தது. பெரிய பெரிய பொறியாளர்கள் வேண்டாம் என்ற இடத்தில், பாறையை வெடிவைத்துத் தகர்த்து உள்ளேயே துறைமுகம் கட்டலாம் என்றார் இவர். 1897-ல் அங்கே கப்பல் வந்து நின்றது. ரயில் 1896-லேயே கூல்கார்டியையும் கல்கூர்லியையும் தொட்டுவிட்டது. ஆனால் நீராவி எஞ்சினுக்கும் தண்ணீர் வேண்டுமே.

1896-ல் ஓ’கானர் முன்வைத்த திட்டத்தைக் கேட்டவர்களுக்கு மூச்சு நின்றிருக்கும்.

பெர்த்துக்குக் கிழக்கே குன்றுகளில் ஓடும் ஹெலினா ஆற்றை முண்டாரிங்கில் அணை கட்டி நிறுத்துவது. அங்கிருந்து இரும்புக் குழாய் வழியாக ஏறத்தாழ 560 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கல்கூர்லிக்கு நாள்தோறும் 50 லட்சம் கேலன், அதாவது 2.27 கோடி லிட்டர் நீரை அனுப்புவது. செலவு 25 லட்சம் பவுண்டு. இரண்டு லட்சம் பேர்கூட இல்லாத ஒரு காலனி இதை முழுக்கக் கடன் வாங்கிச் செய்யவேண்டும்.

தூரத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. கல்கூர்லி மேட்டில் இருக்கிறது. தண்ணீர் பள்ளத்துக்குப் போகும் என்பது குழந்தைக்கும் தெரியும். இங்கோ அதை 300 மீட்டருக்கும் மேலே ஏற்றவேண்டும்.

* * *

எப்படி ஏற்றுவது?

கட்டட வேலை நடக்கும் இடத்தில் சித்தாள்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கை மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே ஆள் கீழிருந்து மாடிவரை சுமந்தால் நாலே நடையில் விழுந்துவிடுவார். வரிசையில் நின்றால் ஒவ்வொருவருக்கும் ஓர் எட்டுதான். ஓ’கானர் அதைத்தான் செய்தார். வழியில் எட்டு நீரேற்று நிலையங்கள். ஒரு நிலையம் தள்ளிவிடும் நீர் அடுத்த தொட்டியில் போய் விழும். அங்கிருந்து அடுத்த நிலையம் அதை வாங்கித் தள்ளும். பிரம்மாண்டமான நீராவிப் பம்புகள் லண்டன் கம்பெனி ஒன்றிலிருந்து வந்தன.

திறந்த கால்வாய் வெட்டியிருந்தால் பாதித் தண்ணீர் வெயிலுக்கே போயிருக்கும். ஆகவே குழாய். குழாயிலும் ஒரு தொல்லை. அந்தக் காலத்தில் இரும்புத் தகட்டை வளைத்து ஓரத்தில் வரிசையாக ரிவெட் அடித்துத்தான் குழாய் செய்வார்கள். ஒவ்வொரு ரிவெட் ஓட்டையும் ஒரு கசிவு. உள்ளே துருத்தும் ஒவ்வொரு ரிவெட் தலையும் நீரோட்டத்துக்கு ஒரு தடை. ஒரு குழாயில் இது பெரிதில்லை. 560 கிலோமீட்டருக்குக் கூட்டிப் பாருங்கள்.

மெல்பர்னில் தொழிற்சாலை வைத்திருந்த மெஃபன் ஃபெர்குசன் இதற்கு வழி கண்டிருந்தார். இரண்டு அரைவட்டத் தகடுகளை எதிரெதிரே வைத்து, ஓரங்களை ஒரு நீண்ட இரும்புப் பட்டையின் இருபக்கப் பள்ளங்களிலும் செருகி, அழுத்தியந்திரத்தால் பட்டையை நெருக்கி மூடிவிடுவது. ரிவெட்டே கிடையாது. ஓ’கானர் இந்தப் புதுமுறையைத் துணிந்து எடுத்துக்கொண்டார். இத்தனை பெரிய வேலைக்கு அதுவரை யாரும் பயன்படுத்தியிராத குழாய் அது. ஒவ்வொன்றும் 28 அடி நீளம், 30 அங்குல விட்டம். மொத்தம் சுமார் 60,000 குழாய்கள்.

அவற்றை வரிசையாக வைத்து, இணைப்புகளில் வளையம் பூட்டி, ஈயம் ஊற்றி, அடித்து இறுக்கவேண்டும். அறுபதாயிரம் இணைப்புகளிலும். இந்த ஈயம் அடிக்கும் வேலையை மறந்துவிடாதீர்கள். ஒரு மனிதரின் உயிரோடு அது வந்து முட்டும்.

* * *

எதிர்ப்பு முதல் நாளிலேயே கிளம்பியது.

குழாய் போய்ச் சேருவதற்குள் தங்கம் தீர்ந்துவிடும், அப்புறம் குழாய் வனாந்தரத்தில் துருப்பிடித்துக் கிடக்கும் என்றார்கள். நீர் வழியிலேயே கசிந்து போகும் என்றார்கள். இதில் முதல் கேள்வி நியாயமானது. தங்கம் தீர்ந்த ஊர்கள் பேயூர்களானதை இந்தத் தொடரிலேயே பார்த்திருக்கிறோம். இரண்டாவது கேள்விக்கு லண்டன் நிபுணர் குழு பதில் சொன்னது: திட்டம் நடக்கும்.

ஆனால் கடன் சட்டென்று கிடைக்கவில்லை. 1898-ல்தான் வேலை சூடுபிடித்தது. முண்டாரிங்கில் ஆற்றுப்படுகையைத் தோண்டியபோது அடியில் பாறை பிளந்திருப்பது தெரிந்தது. நினைத்ததைவிட ஆழமாகத் தோண்ட நேர்ந்தது, மாதங்கள் ஓடின. தங்க வயலில் டைபாய்டு நிற்கவில்லை. பொறுமை இழந்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

திருப்பம் 1901-ல் வந்தது. அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று ஆறு காலனிகளும் சேர்ந்து ஆஸ்திரேலியா ஒரே நாடானது. ஃபாரஸ்ட் மத்திய அமைச்சராகிக் கிளம்பிவிட்டார். பத்து ஆண்டுகள் ஓ’கானருக்கு முன்னால் குடையாக நின்ற மனிதர் அவர். அவர் போன பின் பெர்த்தில் அந்த ஓராண்டுக்குள்ளேயே ஆட்சி பலமுறை கைமாறியது. வந்த எவருக்கும் இந்தத் திட்டம் சொந்தப் பிள்ளையாக இல்லை.

குடை விலகியதும் மழை கொட்டியது. பெர்த்தின் ‘சண்டே டைம்ஸ்’ பத்திரிகை ஓ’கானரைக் குறிவைத்தது. திறமையற்றவர் என்பதில் தொடங்கி, 1902 பிப்ரவரியில் நேரடியாக ஊழல்காரர் என்று எழுதுமளவுக்குப் போனது. பொதுப்பணத்தில் தானும் பங்கு பார்த்தார் என்ற பொருள்படும்படி அந்த எழுத்து இருந்தது.

ஈயம் அடிக்கும் வேலை இங்கேதான் வந்து சேர்கிறது. கையால் அடித்து மாளாது என்பதால் அதற்கென்றே ஓர் இயந்திரம் வந்திருந்தது. அந்த வேலையைத் தனியாருக்கு ஒப்பந்தம் விடுவதில் ஏதோ மறைவு இருக்கிறது என்று சந்தேகம் எழுந்தது. விசாரணைக் கமிஷன் வந்தது. பகலில் அணையையும் குழாயையும் பார்க்கவேண்டிய மனிதர், கமிஷன்களுக்குப் பதில் தயாரிக்க உட்கார்ந்தார்.

கேள்வி கேட்பது தவறென்று நான் சொல்லமாட்டேன். 25 லட்சம் பவுண்டு மக்கள் பணம். கணக்குக் கேட்கத்தான் வேண்டும். ஆதாரம் காட்டாமல் ஒரு மனிதரைத் திருடன் என்று வாரந்தோறும் அச்சடிப்பது வேறு. அதை எழுதியவர்களுக்கும், கேட்டுக்கொண்டு சும்மா இருந்த அரசுக்கும் இந்தக் கதையில் பொறுப்பு உண்டு.

* * *

1902 மார்ச் 10, திங்கட்கிழமை.

ஃபிரிமாண்டிலில் ஓ’கானர் வீட்டில் காலையில் குதிரைச் சவாரி போவது வழக்கம். இளைய மகள் உடன் போவாள். அன்று அவள் போகவில்லை. அவர் மட்டும் புறப்பட்டார்.

தான் கட்டிய துறைமுகத்தின் பக்கமாகப் போய், நகரத்துக்குத் தெற்கே உள்ள கடற்கரையை அடைந்தார். குதிரையைக் கடலுக்குள் செலுத்தினார். அங்கே தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 59.

அவர் எழுதிவைத்துவிட்டுப் போன கடிதம் இன்றும் இருக்கிறது. நிலைமை தாங்க முடியாததாகிவிட்டது என்று தொடங்குகிறது. முக்கியமான வேலைகள் காத்திருக்க, மூன்று விசாரணைக் கமிஷன்களுக்குப் பதில் சொல்லவேண்டியிருப்பதைச் சொல்கிறார். தன் மனம் தன் பிடியில் இல்லை என்று அஞ்சுகிறார். பிறகு திட்டத்துக்கு வருகிறார். கூல்கார்டித் திட்டத்தில், அதாவது இந்தக் குழாய்த் திட்டத்தில், பிழையில்லை. ஒரு வாய்ப்பும், அவதூறிலிருந்து பாதுகாப்பும் கிடைத்தால் தன்னாலேயே முடிக்க முடியும். அதற்கு இனி வழியில்லை என்பதால், பழைய சுமை எதுவும் இல்லாத புதிய ஒருவரிடம் ஒப்படைப்பதே நல்லது என்கிறார்.

தேதி போட்டுவிட்டார். கடிதம் முடிந்துவிட்டது என்று நினைப்போம். கீழே இன்னும் ஒரு வரி இருக்கிறது. ஹெலினா அணைக்குப் பக்கச் சுவர்களை உடனே எழுப்புங்கள் என்ற வரி.

இந்தக் கதையைப் படித்த நாளிலிருந்து அந்த ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். உயிரை விடப்போகும் மனிதரின் கை, சாகும் முன் எழுதியது தன் குழுவுக்கு ஒரு வேலைக் குறிப்பு.

ஒரு கட்டுக்கதையை இங்கேயே அப்புறப்படுத்திவிடலாம். கல்கூர்லியில் குழாயைத் திறந்தார்கள், தண்ணீர் வரவில்லை, அவமானத்தில் ஓ’கானர் செத்துப்போனார், மறுநாளே தண்ணீர் வந்தது என்று ஒரு கதை நெடுங்காலமாகச் சுற்றுகிறது. நடந்தது அப்படியில்லை. அவர் இறந்த காலையில் அணையே முழுதாக முடிந்திருக்கவில்லை. அந்தக் கடைசி வரியே அதற்குச் சாட்சி. தன் கணக்கு தோற்றுவிட்டது என்று அவர் ஒருநாளும் நினைக்கவில்லை. அவரைக் காக்கத்தான் ஆளில்லாமல் போனது.

கடிதம் சொன்ன அந்தப் ‘புதிய ஒருவர்’ யார்? ஓ’கானர் நம்பிய புதுமுறைக் குழாய் முழு அழுத்தத்தைத் தாங்கியதா? அவர் பெயரில் கரி பூசிய விசாரணைக் கமிஷன் கடைசியில் என்ன கண்டுபிடித்தது? ஹன்னன் தங்கம் கண்ட இடத்தை ஒட்டிய மவுண்ட் சார்லட் குன்றில் அப்போது ஒரு தொட்டி காத்திருந்தது. அதில் ஹெலினா ஆற்று நீர் எப்போது, எப்படி வந்து விழுந்தது?

(அடுத்த வாரம் தொடரும்)